தாயக்கட்டையும் பகடையும் ஒண்ணா? ஏழு எங்கய்யா?

ஆறுமுகப்பகடை:
போன ஞாயிறு ஆட்டம் முடிஞ்சு தேன்குழல் தின்னுக்கிட்டிருக்கும்போது வளவுக்காரன் அண்ணே ஒரு போடு போட்டாரு. ராத்திரி அதையே இங்கயும் எழுதிட்டாரு: "வீட்டுக்கு வீடு பித்தளைத் தாயக்கட்டை கிடக்கையில சீமைப் பகடைக்கு எதுக்கு ஆர்டர் போடணும்? ரெண்டும் ஒண்ணுதான்." அதுக்குக் கீழ ஒம்பது பேர் ஆமாஞ்சாமி. ஒருத்தராவது கட்டையக் கையில எடுத்து எண்ணிப் பாத்தீங்களா?

நாம ஆடுறது அபோகலிப்ஸ் வேர்ல்ட் வழியில வந்த ஆட்டம், ஆளுக்கொரு பாத்திரமா இருந்து கதைய நடத்திக்கிட்டுப் போறது. 2010ல வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் கொண்டாந்த முறை. ஆறு முகப் பகடை ரெண்டு உருட்டிக் கூட்டணும். 10, அதுக்கு மேலன்னா நினைச்சது நடக்கும். 6, அதுக்குக் கீழன்னா வில்லங்கம். 7, 8, 9 வந்தா காரியம் நடக்கும், ஆனா கையவிட்டு ஏதாவது போகும். கதை பொறக்குறதே அந்த 7-9லதான். மொத்தம் 36 வகையில 15 வகை அங்கதான் விழும்.

தாயக்கட்டைக்கு நாலு பக்கம். வெறும் பக்கம், ஒண்ணு, ரெண்டு, மூணு. ரெண்டு கட்டையும் சேந்து 1லேருந்து 6 வரைக்கும் காட்டும். ரெண்டும் வெறும் பக்கமா விழுந்தா 12. ஏழு எங்க? எட்டு எங்க? ஒம்பது எங்க? 16 வகையில 15 வில்லங்கம், ஒண்ணே ஒண்ணு வெற்றி. பங்களாவுக்குள்ள பூந்த திருடன் முகப்புத் தாப்பாளைத் திறக்குறதுக்குள்ள விடிஞ்சுரும்.

வளவுக்காரன்:
தம்பி, அந்தப் பேக்கரு பொறக்குறதுக்கு முன்னாடியே எங்க ஆயா வீட்டுப் பட்டாலையில தாயம் உருண்டுச்சு. அதுக்கு நீங்க கணக்குப் பாடம் நடத்துறீக.

ஏழு எங்கன்னு கேக்குறீகளே, தாயம் ஆடியிருக்கீகளா இல்லையா? 1, 5, 6, 12 விழுந்தா மறுக்கா உருட்டணும். அஞ்சு விழுந்து அடுத்து ரெண்டு விழுந்தா எத்தனை? சின்னப் புள்ளைய கேட்டாலும் ஏழுன்னு சொல்லும். ஆறும் ரெண்டும் எட்டு. ஆறும் மூணும் ஒம்பது. ரெண்டும் ஒண்ணுதான்.

தேவகோட்டை ரஸ்தா:
எங்க வீட்டுல அஞ்சுக்கு மறு ஆட்டம் கிடையாதுண்ணே.

வளவுக்காரன்:
ஒங்க வீட்டுல எதுக்குத்தான் உண்டு.

ஆறுமுகப்பகடை:
சரி, மறு ஆட்டத்தோடயே போட்டுப் பாத்துட்டேன். நேத்து ராத்திரி ஒண்ணரை மணி வரைக்கும் நோட்டும் பேனாவுமா உக்காந்தேன். அண்ணே சொன்ன மாதிரி 1, 5, 6, 12க்கு மறுக்கா உருட்டிக் கூட்டிக்கிட்டே போனா 7-9 விழுறது நூத்துக்குப் பன்னண்டு தடவை. பகடையில நூத்துக்கு நாப்பத்திரெண்டு. பன்னண்டும் நாப்பத்திரெண்டும் ஒண்ணா? வில்லங்கம் மட்டும் எழுபத்தொண்ணு. முழு வெற்றி பதினாறு. இதுல கதை எங்க நடக்கும்? எல்லாரும் அடி வாங்கிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

இன்னொண்ணு. நம்ம ஆட்டத்துல ஆளுக்கு ஆள் குணத்துக்கு +1, +2ன்னு சேரும். தந்திரம் +2 இருக்கவன் பகடையில எட்டு போட்டாலே பத்து ஆயிரும். கட்டையில எட்டு விழுறதே அபூர்வம்.

வளவுக்காரன்:
இருங்க இருங்க. முழு வெற்றி கட்டையில பதினாறுன்னு நீங்களே எழுதிட்டீக. பகடையில எத்தனை? மறைக்காம சொல்லுங்க.

ஆறுமுகப்பகடை:
36க்கு 6. நூத்துக்குப் பதினாறரைச் சொச்சம்னு வச்சுக்கங்க. அது தற்செயலா ஒத்துப்போச்சு. கேள்வி அது இல்ல.

வளவுக்காரன்:
பதினாறும் பதினாறும்! ரெண்டும் ஒண்ணுதான்னு நான் சொன்னப்ப சிரிச்சாக. இப்ப அவுக நோட்டே சொல்லுது. இதை அப்படியே அச்சடிச்சு முகப்புல ஒட்டப் போறேன்.

ஆறுமுகப்பகடை:
அண்ணே, நான் கேட்டது ஏழு. நீங்க பதில் சொல்றது பத்துக்கு. காரைக்குடிக்கு டிக்கெட் கேட்டா மானாமதுரைக்குக் குடுக்குறீங்க.

செக்காலை சைக்கிள்:
டிக்கெட்டுன்னு சொன்னதும்தான் ஞாபகம் வருது. ஆட்டத்த நடத்துறவரை "நடத்துநர்"னு எழுதுறத யாராவது நிறுத்துங்கப்பா. புதுசா வந்த பொண்ணு "சில்லறை வேணுமா"ன்னு கேட்டுச்சு.

தேவகோட்டை ரஸ்தா:
பின்ன என்னன்னு எழுதுறது? கதைசொல்லியா? அவரு சொல்ற கதைய நாம எங்க கேக்குறோம்.

செக்காலை சைக்கிள்:
பேசாம ஃபியாஸ்கோ ஆடலாம். 2009ல ஜேசன் மார்னிங்ஸ்டார் போட்டது. அதுக்கு நடத்துநரும் வேணாம், ஓட்டுநரும் வேணாம்.

ஆறுமுகப்பகடை:
ஃபியாஸ்கோவுக்கும் ஆறு முகப் பகடைதான் வேணும். சும்மா நியாபகப்படுத்துறேன்.

அப்பத்தா பேத்தி:
நான் ஒண்ணு சொல்லலாமா? கூட்டவே வேணாம். ஒரே உருட்டு. 12ம் தாயமும் (அதான், ஒண்ணு) முழு வெற்றி. 2, 3 விழுந்தா காரியம் நடக்கும், விலை குடுக்கணும். 4, 5, 6 வில்லங்கம். எண்ணிப் பாருங்க: 16ல 3, 7, 6. பகடையோட கணக்குக்குக் கிட்டத்தட்ட அதேதான். குணத்துக்கு +1 சேக்குறதுக்குப் பதிலா, இருக்கவங்க ஒரு கட்டைய மட்டும் எடுத்து மறுக்கா உருட்டிக்கலாம். பத்து நிமிஷத்துல தீர்ந்துச்சு.

வளவுக்காரன்:
தங்கச்சி, ஆறு விழுந்தா வில்லங்கமா? அஞ்சு விழுந்தா வில்லங்கமா? வெட்டி ஆடுற அஞ்சு! ஒங்க அப்பத்தா காதுல விழுந்தா கட்டையாலயே போடுவாக.

ஆறுமுகப்பகடை:
கணக்கு சரியாத்தான் இருக்கு. ஆனா இதுலயும் ஏழு இல்ல பாருங்க.

அப்பத்தா பேத்தி:
ஏழு *வேணாம்*னுதானே அண்ணே சொல்றேன். ரெண்டும் மூணும்தான் இப்ப ஏழு.

ஆறுமுகப்பகடை:
ரெண்டும் மூணும் அஞ்சு.

அப்பத்தா பேத்தி:
நான் கிளம்புறேன்.

கானாடுகாத்தான் நிழல்:
வீட்டுக்காரர் சார்பா ஒரு வார்த்தை. எதை வேணும்னாலும் உருட்டுங்க, ஆனா பித்தளைய ஆத்தங்குடிக் கல்லுல உருட்டாதீங்க. பூவும் கொடியுமா ஒவ்வொண்ணா கையால வார்த்த கல்லு. போன தடவை விழுந்த கீறலுக்கு இன்னும் பதில் வரல. பாய் விரிங்க. பாய் வேணாம்னா திண்ணைக்குப் போங்க.

வளவுக்காரன்:
பாய்ல கட்டை உருளாதுங்க. சத்தமும் வராது. சத்தம் இல்லாம என்ன தாயம்?

ஆறுமுகப்பகடை:
பிளாஸ்டிக் பகடை கல்லக் கீறாது.

வளவுக்காரன்:
ஆர்டர் போட்ட பெட்டி வந்து சேந்துருச்சுபோல. அதான் இத்தனை பாசம். நேராவே சொல்லிடுறேன் தம்பி, ஒங்க கோவம் கட்டை மேல இல்ல. தை மாசம் டிரெட்டுங்கற ஆட்டம் ஆடுனப்ப, மரக்கட்டைய அடுக்குன ஜெங்கா கோபுரம் ஒங்க கைபட்டுச் சரிஞ்சு ஒங்க ஆளு செத்துப்போனாரே, அதுலேருந்து ஒங்களுக்கு எங்க வீட்டுச் சாமான் எதுவும் ஆகல.

ஆறுமுகப்பகடை:
அது என் கைபட்டுச் சரியல. ஃபேன் காத்துக்குச் சரிஞ்சுச்சு. ஃபேனை நிறுத்துங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன், சாட்சி இருக்கு. டிரெட்ல பகடையே கிடையாது, கட்டைய உருவணும், கோபுரம் விழுந்தா ஆளு காலி. அவ்வளவு நுணுக்கமான ஆட்டத்த ஃபேனுக்கு நேர் கீழ வைக்கச் சொன்னது யாரு?

தேவகோட்டை ரஸ்தா:
நான் அன்னைக்கு இருந்தேன். முழங்கை பட்டுச்சு.

ஆறுமுகப்பகடை:
நீங்க அப்ப இரண்டாங்கட்டுல பணியாரம் சாப்புட்டுக்கிட்டிருந்தீங்க.

தேவகோட்டை ரஸ்தா:
அங்கேருந்தும் தெரியும். நேர்கோட்டுல கட்டுன வீடுங்க அது. வாசல்ல நின்னு பாத்தா பின்கட்டுக் கதவு வரைக்கும் தெரியும்.

செக்காலை சைக்கிள்:
தி கொயட் இயர் ஆடலாமா? சீட்டுக்கட்டு 52 சீட்டு, ஒரு தாள், ஒரு பென்சில். ஒரு ஊரோட ஒரு வருஷத்த வரைபடமா வரையலாம். கீறவும் கீறாது.

வளவுக்காரன்:
எங்க வீட்டுக்குள்ள சீட்டுக்கட்டு வராது. ஐயா படத்துக்கு முன்னாடி நடக்காது. தாயம்னா அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாக.

ஆறுமுகப்பகடை:
இப்பவும் கேக்குறேன். ஏழு எங்க?

வளவுக்காரன்:
அஞ்சும் ரெண்டும்.

ஆறுமுகப்பகடை:
நூத்துக்குப் பன்னண்டு.

வளவுக்காரன்:
பதினாறும் பதினாறும்.

கானாடுகாத்தான் நிழல்:
ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குக் கதவு தெறப்பேன். யாரு எதைக் கொண்டாந்தாலும் பாயும் சேத்துக் கொண்டாங்க. அப்புறம் ஜெங்கா பெட்டியில 54 கட்டை இருக்கணும், 52தான் இருக்கு. யாருகிட்ட இருக்கு?

தேவகோட்டை ரஸ்தா:
ஒண்ணு என்கிட்ட. மேசை ஆடுதுன்னு காலுக்கு வச்சேன்.

ஆறுமுகப்பகடை:
கோபுரம் வச்ச அதே மேசையா? பாத்தீங்களா. *பாத்தீங்களா.*