புதுப்பிப்பு: ஃபிட்டிங் ஷாப்பில் ஜாப் ரிஜெக்ட் ஆகிக்கொண்டே இருந்தது, தீர்ந்துவிட்டது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நான் கேட்டிருந்தது இதுதான்: எங்கள் தொழில்நுட்பப் பள்ளியின் ஃபிட்டிங் ஷாப்பில் ஜாப்பை, அதாவது பயிற்சிக்குத் தரும் உலோகத் துண்டை, அரத்தால் அராவி மட்டமாக்க வேண்டும். அதன்மேல் ட்ரை ஸ்கொயர் (மட்டமும் செங்கோணமும் பார்க்கும் L வடிவக் கருவி) வைத்து வெளிச்சத்தில் பிடிப்பார்கள். இடுக்கில் ஒரு கீற்று ஒளி தெரிந்தாலும் ஜாப் திரும்பி வந்துவிடும். எனக்கு ஓரங்கள் தேய்ந்து நடு மேடாகவே நின்றது.

வைஸ் (ஜாப்பை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்புக் கருவி) உயரத்தைப் பற்றிய யோசனைதான் பலித்தது. வைஸின் மேல்மட்டம் முழங்கைக்கு நேராக இருக்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் உயரம் குறைவு. காலடியில் மரப்பலகை போட்டு நின்றதும் அரம் மேலும் கீழும் ஆடுவது நின்றது. பிறகு 45 டிகிரி சாய்வில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி அராவினேன். புதுக் கீறல் எங்கே விழுகிறதோ அங்கேதான் மேடு. அரத்தைப் பின்னுக்கு இழுக்கும்போது அழுத்தவே கூடாது.

அரத்தில் சாக்பீஸ் தேய்ப்பது மட்டத்துக்கு உதவவில்லை. ஆனால் பல்லிடுக்கில் தூள் அடைவது குறைந்து, பரப்பு சுத்தமாக வந்தது. ஃபினிஷிங்குக்கு அதை விடாதீர்கள்.

எதிர்பாராதது ஒன்று. பலகைக்கு அனுமதி கேட்கவே பயந்தேன், அவ்வளவு கண்டிப்பான இடம். மாஸ்டர் தானே பலகையைக் கொண்டுவந்து, ஆடுகிறதா என்று மிதித்துப் பார்த்த பிறகுதான் என்னை ஏறச் சொன்னார். ஜாப் பாஸ். அடுத்தது வி-ஃபிட்டிங், அதாவது V வடிவத்தில் அராவிய இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்துவது.