புதுப்பிப்பு: அம்மாவின் பல்செட் விஷயம்

அம்மாவுக்கு ஒரு பல்கூட இல்லை, பல்செட் போதுமா, இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் திருகு) வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். முடிவெடுத்துவிட்டோம்.

மேலே சாதாரண பல்செட்தான். அண்ணம் முழுக்க ஒட்டி உட்காருவதால் நன்றாகப் பிடிக்கிறது. கீழேதான் சிக்கல். ஒட்டிக்கொள்ள அவ்வளவு பரப்பு இல்லை, நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும். பல் போன இடத்தில் எலும்பும் நிறையத் தேய்ந்திருந்தது. மெழுகில் செய்த மாதிரி செட்டை வைத்துப் பார்த்தபோது, பேசப் பேச அது எழும்பியதை நானே பார்த்தேன். அதனால் கீழே இரண்டு இம்ப்ளான்ட் வைத்து, அதன்மேல் 'டக்'கென்று மாட்டுகிற செட். சர்க்கரை கட்டுக்குள் இருப்பதைப் பார்த்த பிறகுதான் டாக்டர் சரி சொன்னார். இம்ப்ளான்ட் எலும்போடு சேரச் சில மாதம் ஆகும், அதுவரை தற்காலிக செட்.

நேற்று அம்மா கண்ணாடி முன் நின்று என் பெயரை நாலு தடவை சொல்லிப் பார்த்தார். நாலாவது தடவை தெளிவாக வந்தது.