கில்மோர் சத்தம் வேண்டும்: ஃபஸ் ஃபேஸா, பிக் மஃப்பா?

மூன்றாம்_மாடி_லீட்:

வணக்கம். ஆறு வருடமாக கிட்டார் வாசிக்கிறேன், பிங்க் ஃப்ளாய்ட் கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மோர் பைத்தியம். எனக்கு வேண்டியது ‘கம்ஃபர்ட்டப்ளி நம்ப்’ கடைசி சோலோவில் வரும் சத்தம். ஒரு நோட்டை அடித்துக் கம்பியை வளைத்தால் அது பாட்டுக்கு நின்று அழுமே, அதுதான். கில்மோர் ஃபஸ் ஃபேஸ் (கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக உடைக்கும் ஃபஸ் பெடல்களில் ஒன்று) வைத்திருந்தார் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அவ்வளவுதான், போன மாதம் கைமாறி வந்த ஒரு ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடலை வாங்கிவிட்டேன். வட்டமாக இருக்கும், இரண்டே குமிழ், உள்ளே ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், “அசல் பழைய சத்தம்” என்று விற்றவர் சத்தியம் பண்ணாத குறை.

வீட்டில் மாட்டினால் தகர டப்பாவுக்குள் வண்டை அடைத்த மாதிரி இருக்கிறது. காலையில் ஓரளவு பரவாயில்லை, மத்தியானம் வாசித்தால் நோட் பாதியிலேயே கரகரவென்று அறுந்துபோகிறது. பெடல் ஒரு மாதத்துக்குள் கெட்டுவிட்டதா, என் கைதான் கோளாறா என்று தெரியவில்லை.

என்னிடம் இருப்பது ஸ்ட்ராட் வகை கிட்டார், டியூனர் பெடல், பிறகு இந்த ஃபஸ், ஒரு டிலே (எதிரொலிப் பெடல்), 15 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப். வேளச்சேரியில் மூன்றாவது மாடி, கீழ்வீட்டில் கைக்குழந்தை, அதனால் வால்யூம் இரண்டுக்கு மேல் போகாது. இதை விற்றுவிட்டு 10,000 ரூபாய்க்குள் வேறு ஃபஸ் வாங்கலாமா? எதை வாங்குவது?

நாலாவது_கம்பி:

ப்ரோ, பெடலைப் பார்க்கும் முன்னால் வருடத்தைப் பாருங்கள். கில்மோர் ஃபஸ் ஃபேஸ் வாசித்தது உண்மை, ஆனால் அது 70களின் முதல் பாதி. 1973-ல் வந்த ‘டார்க் சைட்’ ஆல்பத்தின் சோலோக்களில் கேட்பது அது, அதுவும் ஜெர்மேனியம் இல்லை, பிசி108 சிலிக்கான் டிரான்சிஸ்டர் போட்டது. 1977-ல் ‘அனிமல்ஸ்’ சுற்றுப்பயணம் கிளம்பும்போது அவர் காலடியில் இருந்தது எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் பிக் மஃப். நீங்கள் கேட்கும் சோலோ 1979 ‘தி வால்’, அதாவது மஃப். நீங்கள் ஆறு வருடம் முந்திய சத்தத்துக்கான பெடலை வாங்கி வைத்துக்கொண்டு அதைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள்!

இரண்டுக்கும் பெயர்தான் ஃபஸ், உள்ளே வேறு வேறு ஜாதி. ஃபஸ் ஃபேஸில் மொத்தமே இரண்டு டிரான்சிஸ்டர். மஃப்பில் நாலு கட்டம். நடுவில் இருக்கும் இரண்டு கட்டங்களிலும் டயோடுகள் அலையின் தலையைச் சீவுகின்றன, ஒரு தடவை சீவியதை இன்னொரு தடவை. அதனால்தான் நோட் சாகாமல் நிற்கிறது, ஃபஸ் என்று எழுத வேண்டிய குமிழுக்கு ‘சஸ்டைன்’ என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

மஃப்பிலும் பத்து வகை உண்டு. அவர் அப்போது வைத்திருந்தது ‘ராம்ஸ் ஹெட்’, சுமார் 1973 முதல் 1977 வரை வந்தது, பெட்டியின் மூலையில் ஆட்டுத்தலை மாதிரி ஒரு சின்ன முகம் இருக்கும். பழையது நமக்குக் கட்டுப்படியாகாது. அதே கம்பெனி அதைச் சின்னப் பெட்டியில் மறுபடி போட்டிருக்கிறது, அது போதும். 1994 சுற்றுப்பயணத்தில் அவர் வாசித்தது ரஷ்யாவில் செய்த சோவ்டெக் மஃப், நீலச் சாம்பல் நிறம், அதனால் ‘சிவில் வார்’ என்பார்கள். கொஞ்சம் தடித்த சத்தம். ‘பல்ஸ்’ கச்சேரி சோலோதான் உங்கள் மனதில் இருக்கிறது என்றால் அதன் பக்கம் போங்கள். கடையில் ‘பிக் மஃப்’ என்று மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள்.

அப்புறம் ஆம்ப். அவருடையது ஹைவாட் டிஆர்103, 100 வாட். சுலபத்தில் உடையாத, பாறை மாதிரி சுத்தமான சத்தம். கூடவே சுழலும் ஸ்பீக்கர் உள்ள யமஹா ஆர்ஏ-200 பெட்டி. அந்த அகலமும் லேசான ஆட்டமும் அங்கிருந்து வருவது, எந்த ஃபஸ்ஸிலும் கிடைக்காது. உங்கள் ஆம்பில் சத்தத்தை உடைக்கும் கெயின் சேனலை மறந்துவிட்டு சுத்தமான சேனலில் மஃப்பை மாட்டுங்கள், டிரெபிளைக் குறையுங்கள்.

சால்டர்_சித்தப்பா:

தம்பி, அந்த வட்டத்தை விற்காதே. அது கெட்டுப்போகவில்லை, வெயில் பட்டிருக்கிறது.

ஜெர்மேனியத்தில் சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கரண்ட் கசியும். சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும், 10 டிகிரிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கணக்கு வைத்துக்கொள். லண்டனில் 1966-ல் இந்தப் பெடலைச் செய்தவர்கள் நம் ஊர் மே மாத மொட்டை மாடியை மனதில் வைத்துச் செய்யவில்லை. 20 டிகிரியில் சரியாக நின்ற பயஸ் (டிரான்சிஸ்டர் சும்மா இருக்கும்போது அதற்கு வைத்த மின் அளவு) 38-ல் நகர்ந்துவிடும், நோட் அறுந்துபோவது அதனால்தான். ஏசி அறையில் அரை மணி நேரம் வைத்துவிட்டு வாசித்துப் பார், வேறு பெடல் மாதிரி இருக்கும். (என் கூட்டாளி ஒருவன் ஃபிரிட்ஜில் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுத்துக்கொண்டு கச்சேரிக்குப் போவான். சிரிக்காதே, வேலை செய்தது.) உள்ளே சின்ன டிரிம்பாட் (ஸ்க்ரூடிரைவரால் திருகும் குட்டிக் குமிழ்) இருந்தால் நம் ஊர் சூட்டுக்குத் தகுந்த மாதிரி பயஸைத் திருகி வைத்துவிடலாம், அஞ்சு நிமிட வேலை.

இரண்டாவது கோளாறு உன் டியூனர். பல டியூனர்கள் அணைத்து வைத்திருக்கும்போதும் பஃபர் (சிக்னலை வலுவாக்கி அனுப்பும் சின்ன சர்க்யூட்) வழியாகத்தான் சத்தத்தை அனுப்பும். ஃபஸ் ஃபேஸுக்கு கிட்டார் பிக்கப்போடு (கம்பி அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) நேரடியாகப் பேச வேண்டும். நடுவில் பஃபர் உட்கார்ந்தால் வறட்டுக் கீச்சொலிதான் வரும். ஃபஸ்ஸை முதலில் வை, டியூனரைப் பின்னால் தள்ளு. அப்புறம் ஃபஸ் குமிழை முக்கால்வாசி ஏற்றிவிட்டு, கிட்டாரில் இருக்கிற வால்யூமை 10-லிருந்து 7-க்கு இறக்கிப் பார். மணி அடிக்கிற மாதிரி ஒரு சுத்தமான சத்தம் வரும், அந்தப் பெடலுக்குக் காசு கொடுப்பதே அதற்காகத்தான். மஃப்பில் இந்த வித்தை இவ்வளவு அழகாக வராது.

இன்னொன்று, பேட்டரியா அடாப்டரா? பழைய பாணி ஜெர்மேனியம் ஃபஸ் பலவற்றில் பாசிட்டிவ் பக்கம்தான் கிரவுண்ட். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கொத்தாக மாட்டினால் ஷார்ட் ஆகிவிடும். ஒரு 9 வோல்ட் பேட்டரியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு.

பேஸ்_வாசிப்பவன்:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் மஃப் பற்றி யாரும் சொல்லாத ஒன்றை, அதனால் அவதிப்பட்டவன் என்ற முறையில் நான் சொல்கிறேன். எங்கள் லீட் கிட்டாரிஸ்ட் மஃப் வாங்கின அன்று வீட்டில் தனியாக வாசித்துக் காட்டினான், எங்களுக்குப் புல்லரித்தது. மறுநாள் ஒத்திகையில் டிரம்ஸும் நானும் சேர்ந்ததும் ஆளையே காணோம். கை ஆடுகிறது, முகம் வேறு கில்மோர் மாதிரி கோணுகிறது, சத்தம் மட்டும் இல்லை. மஃப்பின் டோன் பகுதி 1 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் நடுச்சத்தத்தைக் குழியாகத் தோண்டிவிடும், கிட்டார் காதில் விழ வேண்டிய இடமே அதுதான். அவன் கடைசியில் மஃப்புக்குப் பின்னால் பாஸ் ஜிஇ-7 ஈக்வலைசரை வைத்து 800 ஹெர்ட்ஸைக் கொஞ்சம் தூக்கினான், ஆள் திரும்பி வந்துவிட்டான். கில்மோரே 1994-ல் மஃப்புக்குப் பின்னால் டியூப் டிரைவர் பெடலைச் சேர்த்துத்தான் வாசித்தார். ஆகவே 10,000-ஐ ஃபஸ்ஸிலேயே கொட்டிவிடாமல் செகண்ட் ஹேண்டில் ஒரு ஈக்வலைசருக்கும் எடுத்து வையுங்கள்.

மூன்றாம்_மாடி_லீட்:

நேற்று ராத்திரி ஏசி போட்டு, டியூனரைப் பின்னால் தள்ளிவிட்டு வாசித்தேன். சித்தப்பா, அந்த வண்டு செத்துப்போச்சு! கிட்டார் வால்யூமை ஏழுக்கு இறக்கியதும் வந்த சத்தத்தில் ஒரு மணி நேரம் வெறும் கார்டுகளை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன், சோலோ ஞாபகமே வரவில்லை. விற்கப் போவதில்லை.

ஆனாலும் அந்த நிற்கிற அழுகை இதில் வரவில்லை, அதனால் ராம்ஸ் ஹெட்டும் வாங்குவதாக முடிவு. இரண்டில் வால்யூமை வைத்துக்கொண்டு அது பாடுமா?

நாலாவது_கம்பி:

பாடும், கொஞ்சம் மெதுவாக. நோட் நிற்பதில் பாதி பெடல், மீதி ஸ்பீக்கர் காற்று கம்பியைத் திருப்பித் தள்ளுவது. இரண்டாம் நம்பர் வால்யூமில் அந்த மீதி கிடைக்காது. டிலேவை 400, 450 மில்லிசெகண்டுக்கு வைத்து மூன்று நாலு எதிரொலி விடுங்கள், குறை கொஞ்சம் மறையும். முழுதாகக் கேட்க வேண்டும் என்றால் மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகை அறையை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்துவிடுங்கள். வளைக்கிற நோட் சரியான சுருதியில் போய் நிற்கிறதா என்பதையும் அங்கே பாருங்கள், மஃப் அதையும் பெரிதுபடுத்திக் காட்டும்.

சால்டர்_சித்தப்பா:

மஃப் வந்த பிறகும் அந்த வட்டத்தைத் திறந்து பார். டிரிம்பாட் இருந்தால் போட்டோ போடு, எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று சொல்கிறேன். ஏசி இல்லாத அறையில், மத்தியானம் இரண்டு மணிக்குத் திருகு.