நண்டு ரின்னுக்குள்ள கண்ணாடி எண்டு முறைப்பாடு. வேறை ஆருக்கும் வந்ததோ?

சோளகம்:
வாங்கின ஆக்கள் அனுப்பின படம். வெள்ளைக் கோப்பையிலை நண்டுச் சதை, நடுவிலை அரிசிக் குறுணி அளவிலை பளபளவெண்டு மூண்டு துண்டு. கீழை "கண்ணாடி, முழு லொட்டையும் நிப்பாட்டுங்கோ" எண்டு எழுதிக் கிடக்கு. பூநகரி, நாவாந்துறைப் பக்கத்து நீலக்கால் நண்டுதான்.

அது கண்ணாடி இல்லை, ஸ்ட்ரூவைட். நண்டிலை உள்ள மக்னீசியமும் பொஸ்பேற்றும் அமோனியாவோடை சேர்ந்து கட்டுற உப்பு. நகத்தாலை அமத்தினால் மாவாகும். இளஞ்சூட்டு வினாகிரியிலை போட்டால் கொஞ்ச நேரத்திலை கரையும். கண்ணாடி எண்டால் அப்பிடியே கிடக்கும். ரின்னைச் சூட்டிலை இருந்து எடுத்து மெல்ல ஆறவிட்டால் கல்லுப் பெரிசா வளரும். ஐஸ் தண்ணியிலை கெதியா ஆத்தினால், கட்டினாலும் நாக்கிலை தட்டுப்படாது. அந்த ரின், ஆத்துற ஐஸ் தொட்டியிலை கடைசியா இறங்கின கூடையிலை இருந்தது. அதுக்கிடையிலை தொட்டி ஐஸ் கரைஞ்சு தண்ணி வெதுவெதுப்பாகியிருக்கும் எண்டது என்ரை கணிப்பு.

களங்கட்டி:
அண்ணை, எல்லாத்தையும் ஸ்ட்ரூவைட்டிலை போட்டுத் தப்பேலாது. இப்பிடி வாற முறைப்பாட்டிலை ஓட்டுத் துண்டும் இருக்கும். சதை பிரிக்கிற மேசையிலை ஊதா விளக்கைப் பிடிச்சால் ஓடு வெளிச்சமாத் தெரியும். விளக்கைக் கவனிக்காமல் வேகமாப் பிரிச்சால் தவறும்.

அதோடை பிழை தொட்டியிலை தொடங்கிறேல்லை, வலையிலைதான் தொடங்குது. பின்னேரம் விட்ட வலையை விடிய எடுக்கேக்கை சில நண்டு செத்துக் கிடக்கும். செத்ததோடை குடல் நொதி சதைக்குள்ள இறங்கும். அவிச்சால் சதை நாராப் பிரியாது, பிசுபிசுக்கும். உயிரோடை கிடக்கிற நண்டையும் சில ஆக்கள் ஐஸுக்கு மேலை நேரே கொட்டுவினம். கரைஞ்ச நல்ல தண்ணியிலை அது தாங்காது. கீழை ஐஸ், மேலை ஈரச்சாக்கு, அதுக்கு மேலை நண்டு. றெஜிபோம் பெட்டியிலை தண்ணி வடிய அடியிலை ஓட்டை கட்டாயம். அந்த ஓட்டையை அடைச்சு வைச்ச பெட்டியைக் கண்டால் நான் மூடியைத் திறக்கவே மாட்டன்.

கரையோரம்:
இருவரும் சதையைப் பற்றியே கதைக்கிறீர்கள். ஐரோப்பாவுக்குப் போகும் பொதி பெரும்பாலும் காகிதத்தில்தான் நிற்கும். சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2014 ஒக்ரோபரில் இலங்கைக்குச் சிவப்பு அட்டை காட்டியது, 2015 ஜனவரியில் மீன் இறக்குமதித் தடை, 2016 ஜூனில் நீக்கம். ஆழ்கடல் வள்ளங்களின் கண்காணிப்புக் குறைபாடே முக்கிய காரணம். ஆனால் எந்தப் படகு பிடித்தது என்று காட்டும் பிடிச் சான்றிதழைக் கேட்கும்போது நம் 18 அடி பைபர் படகும் கணக்கில் வரும். 12 மீற்றருக்குட்பட்ட, இழுவை மடி இல்லாத படகுகளுக்குச் சுருக்கப் படிவம் உண்டு, பல படகுகளை ஒன்றாகச் சேர்க்கலாம். அதில்தான் தப்பு நடக்கும்: படகு இலக்கம் ஒன்றை விட்டுவிடுவார்கள், அல்லது சதையின் நிறையை முழு நண்டின் நிறைக் கட்டத்தில் எழுதுவார்கள். ஒரு கிலோ சதைக்கு நாலைந்து கிலோ நண்டு போகும். அந்த விகிதம் பொருந்தாவிட்டால் கேள்வி வரும்.

இறால்கூடை:
ஆரும் கேக்கேல்லை, எண்டாலும் சொல்லிப்போட்டுப் போறன். நண்டு மட்டுமில்லை, இறாலும் திரும்பி வரும், ஒரு காரணம் மருந்துத் தண்ணி. தலையிலை கருமை விழாமல் சோடியம் மெற்றாபைசல்பைற்றிலை நனைக்கிறது வழக்கம். அளவு 1.25 வீதம், அதாவது 10 லீற்றருக்கு 125 கிராம், ஒரு நிமிடம், பிறகு வடிய விட்டு ஐஸ். நடக்கிறது என்னெண்டால், அதே தண்ணியிலை நாலாவது கூடையும் நனையும். பலம் குறைஞ்சிட்டுது எண்டு கையாலை அள்ளி இன்னும் கொட்டுவினம், தராசு இருக்காது. இடையிலை நனைஞ்ச கூடை கறுக்கும், கடைசிக் கூடையிலை மருந்து எகிறும். கிலோவுக்கு 80 இறால் வரைக்கும் ஐரோப்பிய எல்லை கிலோவுக்கு 150 மில்லிகிராம், அவிச்சதுக்கு 135. ஆய்வுக்கு மாதிரி எடுக்கிறவர் கடைசிக் கூடையிலை எடுத்தால் முழு லொட்டும் போச்சு. அமெரிக்காவுக்கு எண்டால் 10 பிபிஎம்மும் (கிலோவுக்கு 10 மில்லிகிராம்) அதுக்கு மேலையும் இருந்தாலே உறையிலை எழுதோணும், ஆஸ்துமாக்காரருக்கு ஆபத்து. ஒரு வாளிக்கு இத்தினை கூடை எண்டு சுவரிலை எழுதி ஒட்டுங்கோ. கண்மட்டத்துக்கு விடாதேங்கோ.

களங்கட்டி:
இறாலைப் பிறகு கதைப்பம். கரையோரம் சொன்னது சரி. ஆனால் பேப்பர் சரியா இருந்து சதை நாறினால் சான்றிதழை வைச்சு என்ன செய்யிறது? இன்னொண்டு, சோளகம், இந்த ரின் எங்கட கடை மீன் ரின் மாதிரி இல்லை எண்டதை இங்கை கனபேர் மறந்திடுவினம். 85 பாகை செல்சியஸிலை 31 நிமிடத்துக்குச் சமனான சூடு நடுச்சதைக்குப் போனாலும் அது முழுக் கிருமிநீக்கம் இல்லை. 3 பாகைக்குக் கீழை வைக்கோணும், இல்லாட்டில் போட்டுலினம் எண்ட நஞ்சு கக்கிற கிருமி வளரலாம். A9 றோட்டிலை லொறி பழுதாகி நிண்டால் எவ்வளவு நேரம் வெக்கையிலை கிடந்தது எண்டதுக்கு வெப்பப் பதிவுக் கருவியிலை கோடு விழும். வாங்குறவன் முதலிலை பாக்கிறது அந்தக் கோட்டைத்தான்.

சோளகம்:
மறுமொழி வந்திட்டுது. அங்கை வினாகிரி இல்லையாம், எலுமிச்சம்புளி காணுமோ எண்டு கேக்கினம். காணும், கோப்பையை வெந்நீருக்குள்ள வைச்சு இளஞ்சூடாக்கச் சொல்லியாச்சு. மூண்டிலை ரெண்டு துண்டு கரைஞ்சிட்டுது. மூண்டாவதை எடுத்து வைக்கச் சொன்னன், அது ஓடோ தெரியேல்லை, ஊதா விளக்கிலை பாக்கோணும்.