கைப்பம்பில் காலையில் 40 தடவை அடித்தால்தான் தண்ணீர்

கரண்ட் போனாலும் வீட்டுக்குத் தண்ணீர் வேண்டுமென்று போர்வெல்லில் கைப்பம்பு போட்டு 2 வருஷம் ஆகிறது. 3 வாரமாக ஒரே தொல்லை. ராத்திரி விட்டுவிட்டு காலையில் அடித்தால் முதல் 40 தடவை கைப்பிடி லேசாகப் போகிறது, அப்புறம் கனத்து, தண்ணீர் நன்றாகவே வருகிறது. பத்து நிமிஷம் நிறுத்தினாலே மறுபடி ஏழெட்டு தடவை வீணாக அடிக்க வேண்டும்.

ஆழ்கிணறு வகை பம்பு, சிலிண்டர் (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை) 80 அடியில், தண்ணீர் மட்டம் 60 அடியில், குழாய் ஒன்றேகால் இன்ச் பிவிசி. மணல் வரவில்லை, மட்டமும் இறங்கவில்லை, கயிறு விட்டு அளந்துவிட்டேன்.

போன வாரம் முழுசாகத் தூக்கி பிஸ்டன் வாஷரை மாற்றினேன், ஃபுட் வால்வைக் (சிலிண்டருக்கு அடியில், ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுப்பது) கழற்றிக் கழுவினேன், மேலே இருக்கும் இரண்டு இணைப்புகளுக்கு டெஃப்லான் டேப் சுற்றினேன் (இரண்டு பேர் பிடித்தும் இடுப்பு போய்விட்டது). ஒரு மாற்றமும் இல்லை. ஃபுட் வால்வு மட்டும் கசிந்தால் புது வாஷரும் பிஸ்டன் வால்வும் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்க வேண்டுமே, அதனால் அடியில் உள்ள இணைப்பு மேல்தான் சந்தேகம்.

மறுபடி 80 அடியையும் தூக்காமல், கசிவு வால்விலா குழாய் இணைப்பிலா என்று மேலிருந்தே கண்டுபிடிக்க வழி உண்டா?