வேலை முடிஞ்ச மாதிரி, ஆனால் ஒப்படைக்க ஏலாது: முதலில் எதைப் பிடிக்கிறது?

தெஹிவளை கியூஎஸ்:
வெள்ளவத்தையில் நிலத்தளமும் எட்டு மாடியும் உள்ள தொடர்மாடி. ஃபிடிக் (சர்வதேசக் கட்டுமான ஒப்பந்த மாதிரி) 1999 நிபந்தனைகளில் கொந்தராத்து. பூச்சு, டைல்ஸ், பெயின்ட் முடிந்துவிட்டது. லிஃப்ட், தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர், நிரந்தர மின் இணைப்பு மிச்சம். கொந்தராத்துக்காரர் மழையைக் காட்டி 60 நாள் கால நீடிப்பு கேட்கிறார். பொறுப்பேற்புச் சான்றிதழும் (வேலை முடிந்து கட்டடத்தை உரிமையாளர் பொறுப்பேற்றதற்கான சான்று) இப்போதே வேண்டுமாம். இதற்குள் வீடு வாங்கியவர்கள் பான்ட்ரி கபேர்ட் அடிக்கச் சாவி கேட்கிறார்கள். எதை முதலில் பிடிப்பது?

கொந்தராத்துக் கணக்கு:
முதல் வேலை, சாவியைக் கொடுக்காதீர்கள். ஃபிடிக் நிபந்தனைகளின் 10.2 ஆம் வாசகத்தைப் பாருங்கள். சான்றிதழ் கொடுக்கமுன் கட்டடத்தைக் கட்டுவிக்கும் உரிமையாளர் தரப்பு, அதாவது நீங்கள், ஒரு பகுதியைப் பாவித்தால், பாவித்த நாளிலிருந்து அது பொறுப்பேற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். அந்தப் பகுதியைப் பாதுகாக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். நாள் கணக்கில் வரும் தாமத நட்டஈடும் அந்தப் பகுதியின் பெறுமதிக்கேற்பக் குறையும். கபேர்ட் பாஸ்மார் நாலு வீட்டுக்குள் நுழைந்தாலே கொந்தராத்துக்காரர் இதைத் தூக்கிப் பிடிப்பார், எழுதி வையுங்கள்.

சான்றிதழ் விண்ணப்பம் கைக்கு வந்தால் 28 நாளுக்குள் எஞ்சினியர் கொடுக்க வேண்டும், அல்லது காரணம் எழுதி நிராகரிக்க வேண்டும். பேசாமல் இருந்துவிட்டால், வேலை பெருமளவு முடிந்த நிலையில் இருக்கும் பட்சத்தில் 28ஆம் நாளே கொடுத்ததாகிவிடும். பாவனையைப் பெரிதாகப் பாதிக்காத சில்லறை வேலைகளை மட்டும்தான் மிச்சம் விடலாம். எட்டு மாடிக்கு லிஃப்ட் இல்லாதது சில்லறை வேலையா? நிராகரிப்புக் கடிதத்தில் மிச்ச வேலைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

மழைக்கு வருவோம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. கொழும்பில் டெண்டர் போடுகிற எவருக்கும் இது தெரியும். நிபந்தனை கேட்பது 'விதிவிலக்கான' காலநிலை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் கொழும்பு மழைப் பதிவில் அதே மாதத்தின் பழைய ஆண்டுகளை எடுத்து, சைட் டயரியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மழை பெய்த நாளில் உள்ளே டைல்ஸ் வேலை ஓடியிருந்தால் அந்த நாள் கணக்கில் வராது. சம்பவம் தெரியவந்து 28 நாளுக்குள் அறிவித்தல் தந்தாரா, 42 நாளுக்குள் விபரம் தந்தாரா என்பதை அதற்கும் முன்னம் பாருங்கள். பல கோரிக்கைகள் அங்கேயே படுத்துவிடும்.

லிஃப்ட்_பம்ப்:
மிச்சம் என்று எழுதிய மூன்றும் உண்மையில் ஒரே சங்கிலி. நிரந்தர மின்சாரம் வராமல் லிஃப்ட் சோதனை முடியாது. தற்காலிக இணைப்பில் வோல்டேஜ் விழ, லிஃப்ட் மோட்டாரை ஓட்டும் டிரைவ் டிரிப் அடித்துக்கொண்டே இருக்கும். தீயணைப்பு பம்பும் அப்படித்தான். டிரான்ஸ்போமர் அறையின் கதவு, காற்றோட்டம், கேபிள் கான் மூன்றும் சரியா என்று இன்றைக்கே பாருங்கள். நிரந்தர மின் இணைப்புக்கான விண்ணப்பம் கொங்கிரீட் வேலை ஓடும்போதே போயிருக்க வேண்டியது.

லிஃப்ட் குழியையும் எட்டிப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் நிலத்தடி நீர் மேலே நிற்கும். குழியின் தரையும் சுவரும் சேரும் மூட்டால் கசியும். பம்ப் வைத்து இறைப்பது மருந்தல்ல. மூட்டில் கசிவை அடைக்கும் இன்ஜெக்ஷன் கிரவுட் அடித்துக் காயவிட வேண்டும்.

ஸ்பிரிங்க்ளர் குழாய்க்கு 200 பிஎஸ்ஐ நீரழுத்தச் சோதனை, 2 மணித்தியாலம், அழுத்தம் இறங்கக் கூடாது. சோதனைக்கு முன்னமே ஜிப்சம் சீலிங் மூடியிருந்தால்? ஒரு மூட்டில் சொட்டினாலும் சீலிங், பெயின்ட் இரண்டையும் திரும்பச் செய்ய வேண்டும்.

உறுதி_ஓலை:
சாவிக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. வீடு வாங்கிய ஒருவர் பல்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்தால், அல்லது அறைச் சுவரை உடைத்தால், கட்டடம் அனுமதித்த வரைபடத்திலிருந்து விலகிவிடும். சீஓசீ (கட்டடம் அனுமதித்த வரைபடத்துக்கு அமைய இருக்கு என்ற சான்றிதழ்) முழுக் கட்டடத்துக்கும் தடைப்படும். திருத்திய வரைபடம் கொடுத்துத் திரும்ப வரிசையில் நிற்க வேண்டும். கார் பார்க்கையும் வரைபடத்தோடு அளந்து பாருங்கள். தூணுக்கு இரண்டு பக்கமும் பூச்சு ஏறினதும் ஓர் இடம் ஒடுங்கிப்போவது வழமை.

சீஓசீ வந்தாலும் உறுதி எழுத ஏலாது. சர்வேயர் கொண்டோமினியம் வரைபடம் கீற வேண்டும், கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையின் சான்றிதழ் வேண்டும், பிறகு காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். அதுவரை அந்த அலகை வங்கி ஈடாக எடுக்காது. வாங்கியவர்களிடம் சாவித் திகதி வேறு, உறுதித் திகதி வேறு என்று இப்போதே எழுத்தில் சொல்லுங்கள்.

தெஹிவளை கியூஎஸ்:
சரி. ஆனால் இரண்டு வீட்டுக்காரர் விடுகிறார்கள் இல்லை. கபேர்ட் மட்டும் அடிக்க வழியே இல்லையா?

கொந்தராத்துக் கணக்கு:
இருக்கு. உரிமையாளரும் கொந்தராத்துக்காரரும் ஒத்துக்கொண்ட தற்காலிக ஏற்பாட்டை 10.2 விட்டுவைக்கிறது. வேலை தொடங்கமுன் கடிதம் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள்: எந்த வீடு, எத்தனை நாள், கபேர்ட் மட்டும், பொறுப்பேற்பு அல்ல. டைல்ஸ், கதவு எல்லாவற்றையும் படம் எடுத்து இணையுங்கள். சுவருக்குள் ஓடும் பிபிஆர் (பிளாஸ்டிக் தண்ணீர்) குழாயின் உயரத்தைச் சோக்கால் கோடு போட்டுக் காட்டிவிட்டுத்தான் துளைக்க விடுங்கள். சிங்குக்குப் பின்னால்தான் டிரில் பிட் குழாயில் இறங்கும்.