எறிஞ்சு போடுற பொடியளை அம்பயர் பிடிச்ச கதையள் இருந்தா சொல்லுங்கோ

விசுவமடுக்காரன்:
எங்கட பக்கத்துச் சின்னப் பொடியளின்ர மென்பந்து கிரிக்கெட் மச்சுகள் பாக்கிற ஆக்களுக்குத் தெரியும், ரீமுக்கு ஒருத்தனாவது பந்தை முறையாப் போடாமல் எறியிறவன் இருப்பான், அது சட்டப்படி பிழை. ஓடி வாறதெல்லாம் ஒழுங்காத்தான் வருவான், கை தோளுக்கு மேல போகேக்க முழங்கை மடிஞ்சு நிக்கும், விடுற நேரம் சடக்கெண்டு நிமிரும், மாங்காய்க்குக் கல்லெறியிற மாதிரி. ரெனிஸ் பந்து பாரமில்லாத சாமான்தானே, நேர்க்கையால போட்டா அவ்வளவு வேகம் எடுக்காது, எறிஞ்சா பெற் இறங்க முதல் ஸ்டம்ப் போயிடும்.

இப்ப பிரச்சினை லெக் அம்பயர், பெற் பண்ணுறவருக்குப் பக்கவாட்டில, ஸ்குயர் லெக்கில நிக்கிறவர். அவர் ஆர்? பெற் பண்ணுற ரீமில இன்னும் இறங்காமல் இருக்கிற ஒருத்தனைப் பிடிச்சு நிப்பாட்டுறது. அண்டைக்கு அப்பிடி நிண்ட பொடியன் துணிஞ்சு நோ போல் எண்டு கையை நீட்டிட்டான், பீல்டிங் ரீம் முழுக்க அவனைச் சுத்தி வந்து நிண்டு "உங்கட ஆள் தோக்கிறார் எண்டு தானே கூப்பிடுறாய்" எண்டு சண்டை, மெயின் அம்பயர் வந்து "நான் காணேல்ல, விளையாடுங்கோ" எண்டிட்டார். அடுத்த பந்தும் அதே எறி. லெக்கில நிண்ட பொடியன் பேந்து கையை அசைக்கவே இல்லை. உங்கட பக்கம் எப்பிடி?

மாங்குளத்தான் (பள்ளிக்கூட மச்சுகளுக்கு அம்பயரா நிக்கிறனான்):
தம்பி, மெயின் அம்பயர் காணேல்ல எண்டது பொய்யா இருக்கத் தேவையில்லை. அவர் முதல்ல காலைப் பாக்கோணும், கோட்டைத் தாண்டுதோ எண்டு, பிறகு உடன பந்துக்குக் கண்ணைக் கொண்டு போகோணும். முழங்கை பாக்கிறதுக்கு நல்ல இடம் ஸ்குயர் லெக்தான், சட்டமும் முதல் பொறுப்பை அங்க நிக்கிறவருக்குத்தான் குடுக்குது. அதுக்காக மெயின் அம்பயர் கூப்பிடக் கூடாது எண்டில்லை. 1995 மெல்பேர்னில அவுஸ்ரேலிய அம்பயர் டரல் ஹெயார் எங்கட முத்தையா முரளிதரனுக்கு ஏழு நோ போல் குடுத்தது போலர் பக்கத்தில நிண்டுதான்.

இன்னொண்டு, இங்க கனபேர் பிழையா விளங்கி வச்சிருக்கினம். கை மடிஞ்சிருந்தா எறி எண்டு இல்லை. மடிஞ்ச கையோடயே வந்து மடிஞ்ச கையோடயே விட்டா அது சரியான பந்து. கை தோள் உயரத்துக்கு வந்தாப் பிறகு, பந்து கையை விட்டுப் போக முதல், முழங்கை நிமிரக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். முரளிக்குப் பிறவியிலேயே கை முழுசா நிமிராது, அதாலதான் அவ்வளவு குழப்பமும். உந்த 15 பாகை வரைக்கும் நிமிரலாம் எண்டுறது 2005இல ஐசிசி, சர்வதேச கிரிக்கெட் சபை, கொண்டு வந்தது, லாபில கமரா வச்சு அளக்கிற கணக்கு. புதுக்குடியிருப்புக் கிறவுண்டில புழுதிக்குள்ள நிண்டு 15 பாகை எண்டு சண்டை பிடிக்கிற ஆக்களைக் கண்டிருக்கிறன், சிரிப்புத்தான் வரும்.

நான் சந்தேகப்பட்டா முதல்ல சேர்ட்டைப் பாப்பன். வன்னி வெயிலுக்க ஒருத்தன் முழுக்கைச் சேர்ட்டும் போட்டு மணிக்கட்டில பட்டனும் பூட்டிக்கொண்டு பந்து போட வாறான் எண்டா ஏதோ இருக்கு. கேட்டா "கறுத்திடும் சேர்" எண்டுவான்.

பிடிச்சா முறை இதுதான்: நோ போல், பந்து முடிஞ்ச உடன மற்ற அம்பயருக்கும் கப்டனுக்கும் சொல்லி, போலரை எச்சரிக்கோணும். அதே இன்னிங்சில திரும்ப எறிஞ்சா ஆள் நிப்பாட்டு, அந்த இன்னிங்சில இனிப் பந்தில்லை. மிச்ச ஓவரை வேற ஒருத்தன் முடிக்கோணும், அவன் முந்தின ஓவர் போட்டவனாயும் இருக்கக் கூடாது, அடுத்த ஓவரும் போடேலாது. இதைச் சொன்ன உடன ஒரு கப்டன் என்னைப் பாத்து "அப்ப நானே கீப்பிங் விட்டிட்டு வந்து போடட்டோ" எண்டு நக்கலாக் கேட்டான். "ஓம், வா" எண்டன். வந்து போட்டான், அந்த ரீமில இருந்தவையள்ள அவன்தான் வடிவான நேர்க்கை.

மல்லாவிப் பொடியன்:
அண்ணை சொல்லுற சட்டமெல்லாம் சரி, ஆனா எப்ப பிடிக்கிறியள் எண்டதில தான் எனக்குக் கோவம். எங்கட ரீமில ஒரு தம்பி, முதல் சுற்று, கால் இறுதி எல்லாத்திலயும் அதே கையாலதான் போட்டவன், ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. அரையிறுதியில எதிர் ரீம் ஆக்கள் போய் அம்பயரோட கதைச்ச உடன முதல் ஓவரிலயே பிடிச்சிட்டினம், சனம் வேற கூ அடிக்குது. பதினாலு வயசுப் பொடியன், பவுண்டரிக்கு வெளிய போய் நிண்டு முகத்தைச் சேர்ட்டால மூடினவன் தான். இப்ப பந்து எடுக்கச் சொன்னா "வேண்டாம் அண்ணை, நான் கீப்பிங் நிக்கிறன்" எண்டுறான். முதல் மச்சிலயே ஒரு ஆள் கூப்பிட்டுச் சொல்லியிருந்தா திருத்தியிருக்கலாம் தானே.

பரந்தன் ரீச்சர்:
தம்பி மல்லாவி, உந்தக் கதை எங்களுக்கும் நடந்தது. நான் விளையாட்டுக்குப் பொறுப்பா நிக்கிறன், நான் கண்டதைச் சொல்லுறன். பத்து வயசுப் பிள்ளையை 22 யார் பிட்ச்சில விட்டா நேர்க்கையால மற்றப் பக்கம் பந்து போகாது, போக வைக்க அது எறியப் பழகுது. நாங்கள் சின்ன ஆக்களுக்கு பிட்ச்சைக் குறைச்சுப் போட்டு, ஓடாமல் நிண்ட இடத்தில இருந்து போட விட்டம், முழங்கைக்கு ரெண்டு பக்கமும் காட்போட் மட்டை வச்சு பண்டேஜ் துணி சுத்தி. பிள்ளையள் முதல் நாள் விழுந்து விழுந்து சிரிச்சவை. முரளியே 2004இல கைக்குப் பிரேஸ் போட்டுப் பந்து போட்டுக் காட்டினவர் எண்டு சொன்ன பிறகு எல்லாருக்கும் மட்டை வேணுமாம். எல்லாரும் திருந்தேல்ல, ஆனா போன்ல ஸ்லோ மோசன் எடுத்துக் காட்டினா பிள்ளை தானே "மிஸ் இது எறி" எண்டு சொல்லும். அம்பயர் சொல்லி அழுறதை விட அது பரவாயில்லை.

கனடா ஸ்கார்பரோவில இருந்து முள்ளியவளையான்:
இங்க என்ர மகள் பாஸ்ட்பிட்ச் சொஃப்ட்போல் விளையாடுறாள், பேஸ்போல் மாதிரி ஒரு விளையாட்டு, அதில எல்லாம் கீழ்க்கை, கையைக் காத்தாடி மாதிரிச் சுத்தி இடுப்படியில விடுறது. அப்ப எறிப் பிரச்சினை இல்லை எண்டு நினைச்சன், இங்க அதே சண்டை காலில நடக்குது. பந்து போடுற பிட்சர் பலகையில இருந்து தள்ளிப் புறப்பட்ட பிறகு, அந்தக் காலால நடுவில துள்ளி வந்து திரும்ப ஊண்டித் தள்ளினா அது குறோ ஹொப், இல்லீகல் பிட்ச், எண்டா பிழையான பந்து. பட்டருக்குப் பின்னால நிக்கிற பிளேட் அம்பயருக்கு அது தெரியிறது கஷ்டம், பேஸ் பக்கம் நிக்கிற அம்பயர்தான் அனேகமாப் பிடிக்கிறவர். ஒரு கோச் மண்ணைக் காட்டி எனக்கு விளங்கப்படுத்தினவர்: பலகையில இருந்து ஒரே கோடா இழுபட்ட அடையாளம் இருந்தா சரி, கோடு அறுந்து முன்னுக்குப் புதுசா ஒரு குழி இருந்தா பிள்ளை துள்ளுது. ஆனா ஒண்டு, பிழை பிடிச்சாலும் பெரும்பாலும் பட்டருக்குச் சாதகமா ஒரு 'போல்' எண்டு எண்ணுறதுதான், பிள்ளை தொடர்ந்து போடலாம். அதால அம்பயருக்கும் கூப்பிட அவ்வளவு தயக்கமில்லை. எங்கட ஊரில கையைக் காட்டினா பொடியனை வெட்டின மாதிரி எல்லாரும் பாக்கிறது.

விசுவமடுக்காரன்:
நன்றி எல்லாருக்கும். மாங்குளத்து அண்ணை சொன்னதை எங்கட கழகத்தில கதைச்சனாங்கள், இனி லெக் அம்பயரையும் ரெண்டு ரீமையும் சேராத ஆளா வெளியால இருந்து எடுக்கிறது எண்டு முடிவு. அந்த ஆளுக்குப் பெற்றோல் காசும் மத்தியானச் சாப்பாடும் ஆர் குடுக்கிறது எண்டதில கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சு நிக்குது. அண்ணை, நீங்கள் வந்தா சோறு எங்கட வீட்டில.